நிலுவைக் கோப்பும் முப்பத்தொரு பாட்டும்

நடவடிக்கை முடியாத கோப்பை எந்தக் காரணத்தை முன்னிட்டும் பதிவறைக்கு அனுப்பக் கூடாது. அதன் தாள்களைப் பிரிக்கக் கூடாது, பக்க எண்களை மாற்றக் கூடாது, வேறொரு கோப்போடு சேர்த்துக் கட்டக் கூடாது. வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளனாகச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லித் தரப்பட்ட விதி இது. தாசில்தாராக ஓய்வு பெறும் வரை எனக்குக் கீழே வேலை பார்த்த எல்லோருக்கும் நான் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான். மீறிய இரண்டு பேரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் அழுதார்.

இந்த விதியை ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் கம்பெனி மீறிவிட்டது என்று சென்ற மார்கழி முழுவதும் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தொடக்கம் என் மனைவியின் கழுத்திலிருந்த கட்டி. சேலையில் ஊக்குக் குத்தும்போது கண்ணாடியில் அவளேதான் பார்த்தாள். தைராய்டு. ஊசி போட்டு எடுத்துச் சோதித்ததில் புற்று இல்லை என்று வந்தது. ஆனாலும் மூச்சுக்குழாயை அழுத்துகிறது, எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். கார்த்திகைக் கடைசியில் நாள் குறித்தார்கள். சம்மதப் படிவத்தை என்னிடம் கொடுத்தார்கள். படிவங்களை முழுதாகப் படிக்கும் கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவன் நான். நான்காவது பத்தியில் நின்றுவிட்டேன். குரலில் தற்காலிகமான அல்லது நிரந்தரமான மாற்றம் ஏற்படக்கூடும் என்பது எனக்கு விளக்கப்பட்டது, என்று அதில் இருந்தது.

"இது எனக்கு விளக்கப்படலையே" என்றேன்.

"அநேகமா எல்லாருக்கும் சரியாயிரும் சார்" என்றார் டாக்டர்.

"அநேகமான்னா?"

டாக்டர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "சார் கவர்மென்ட்ல இருந்தீங்களோ?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பெத்தானியாபுரம் தாண்டியதும் கேட்டாள்: "நிரந்தரம்னு போட்டிருக்குல்ல?"

"அது சும்மா. எல்லாப் படிவத்துலயும் போடுறதுதான்."

"நீங்க போட்ட படிவத்துல எதுவும் சும்மா இருந்ததில்லையே."

அவள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சங்கீதம் படித்தவளல்ல. ஆனால் பணிக்காலத்தில் பிள்ளைகளுக்காக முப்பத்தொரு பாட்டுக் கட்டியிருந்தாள். எழுத்துகளுக்கு ஒன்று, மாதங்களுக்கு ஒன்று, பைபாஸ் ரோட்டை எப்படிக் கடப்பது என்பதற்கு ஒன்று. பதினாறாம் வாய்பாட்டை ஒப்பாரி மெட்டில் போட்டிருந்தாள். "எப்படியும் அழத்தான் போறாக, ராகத்தோட அழுகட்டும்" என்பது அவள் கட்சி. வார்த்தைகள் ஒரு நீள நோட்டில் இருந்தன. மெட்டு அவள் தொண்டையைத் தவிர வேறெங்கும் கிடையாது. அதை எப்படி எழுதி வைப்பது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பழைய பள்ளியில் இப்போதிருக்கும் ஆசிரியைகள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், பஸ்ஸை விட்டு இறங்கி கோச்சடையில் வீட்டை நோக்கி நடக்கும்போது சொன்னாள்: "அதுக்குள்ள அம்புட்டையும் பாடி வச்சிரணும்."

நாள் குறித்ததற்கும் அறுவைக்கும் நடுவில் மூன்று வாரம் இருந்தது.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜின் மாடியில் மைக் கடை வைத்திருப்பவரைப் போய்ப் பார்த்தேன். வயது நாற்பத்தைந்து இருக்கும். முன்பு காதுகுத்துக்கும் கோயில் கொடைக்கும் ரேடியோ செட் கட்டியவர். இப்போது போனில் பாடிப் போடுகிறவர்களுக்கு மைக்கும், லேப்டாப்போடு மைக்கை இணைக்கிற சின்னப் பெட்டியும், ஹெட்போனும் விற்கிறார். கண்ணாடி அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் இருந்தன.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"இது போன வருச மாடல் சார். இது புதுசு."

"புதுசுல என்ன கூடுதல்?"

"திருகுற குமிழ் இடது பக்கத்துலருந்து வலது பக்கத்துக்கு வந்திருக்கு" என்றார். பிறகு நேர்மையாகச் சேர்த்துக்கொண்டார்: "எனக்குத் தெரிஞ்சு அம்புட்டுதான் சார்."

அந்த ஒரு பதிலுக்காகவே அவரை நம்பினேன். அவர் முதலில் எங்களை அவனியாபுரத்தில், தன் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் நண்பரின் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதால் அங்கே சுவரில் விமான நேர அட்டவணை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் ரெக்கார்டிங் நேரம் கொடுப்பார்களாம். என் மனைவி கண்ணாடி அறைக்குள் நின்று மாதங்களின் பாட்டைத் தொடங்கி ஆனிக்கு வந்தபோது, அட்டவணையில் இல்லாத விமானம் ஒன்று தலைக்கு மேலே போனது. "இருங்கம்மா, போயிரட்டும்" என்று கண்ணாடிக்கு வெளியே கை காட்டினார்கள். அவள் ஆடிக்குப் போகவே இல்லை. "ஏசிக் குளிர்ல தொண்டை கட்டுது, வீட்டுலயே பாடிக்கிறேன்" என்று வெளியே வந்துவிட்டாள்.

ஆகவே வீடு ஸ்டுடியோ ஆயிற்று. பின்கட்டு அறையில் பீரோவுக்கு முன்னால் இரண்டு மெத்தையை நிமிர்த்தி வைத்தோம். ஃபேன் நிறுத்தம். குக்கர் நிறுத்தம். பக்கத்து வீட்டு மிக்ஸிக்கு மட்டும் எங்கள் அதிகாரம் செல்லவில்லை. கடைக்காரர் வந்து லேப்டாப்பில் சாஃப்ட்வேரை ஏற்றி, மூன்று நாள் கூடவே உட்கார்ந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரே மூச்சில் பாட வேண்டியதில்லை, இரண்டிரண்டு அடியாகப் பாடலாம், பிடிக்காததைத் திரும்பப் பாடலாம், நல்ல துண்டுகளை மட்டும் பொறுக்கி வரிசையாக ஒட்டிக்கொள்ளலாம் என்றார். திரையில் ஒவ்வொரு துண்டும் ஒரு பச்சைப் பட்டையாகத் தெரிந்தது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க சார். இந்தப் பாட்டு ஃபைல்ல பாட்டு கிடையாது. எந்தத் துண்டு எந்த ஃபோல்டர்ல, எந்தப் பேர்ல இருக்குங்கிற குறிப்பு மட்டுந்தான் இருக்கு. குரல் தனியாத் துண்டுதுண்டா ஃபோல்டர்ல கிடக்கும்."

"புரியுது. இது குறிப்புக் கோப்பு. அது நடப்புக் கோப்பு. குறிப்புல பக்க எண் போட்டிருப்போம், தாள் நடப்புல இருக்கும்."

"என்னமோ சார், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த ஊரிலேயே இதை என்னளவு தெளிவாகப் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. இதை இங்கே பதிவு செய்துவிட விரும்புகிறேன்.

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார்: "அப்டேட் வேணுமான்னு கேக்கும். வேணாம்னு அமுக்கிருங்க. வேலை முடியிற வரைக்கும் கை வைக்காதீங்க."

பத்துப் பன்னிரண்டு நாள் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை பாடினாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சில அடியை ஏழு தடவைகூடப் பாடுவாள். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, நோட்டுத் திருத்துகிற முகத்தோடு கேட்பாள். இது வேண்டாம், அது வேண்டாம், இது இருக்கட்டும். இரண்டாவது வாரத்தில் மவுஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய நாள் முப்பத்தொன்றும் முடிந்தது. கடைக்காரர் வந்து, எல்லாவற்றையும் ஒரு பாட்டு ஒரு ஃபைலாக உருக்கிக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

"இப்ப வேணாம்ண்ணே" என்றாள் மனைவி. "ஏழெட்டு எடத்துல எனக்கு மனசு ஒப்பல. வந்து ஒருக்கக் கேட்டுட்டுச் சொல்றேன். அப்புறமா முடிச்சுக்கலாம்."

நடவடிக்கை நிலுவையில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

பெண்கள் வார்டில் பார்வையாளர் நேரம் தவிர ஆண்களை அனுமதிப்பதில்லை. அவளுடைய தங்கை துணைக்கு இருந்தாள். சேர்த்துவிட்டுப் பிற்பகல் வீட்டுக்கு வந்தேன். மறுநாளும் சில சோதனைகள், அதற்கடுத்த நாள் அறுவை. காப்பி போட்டேன், குடிக்க மறந்தேன். பேப்பரைப் படித்தேன், என்ன படித்தேன் என்று தெரியவில்லை. படிவத்தின் நான்காவது பத்தி மட்டும் வார்த்தை வார்த்தையாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்க முடியாத ஆள் நான். லேப்டாப்பைத் திறந்து, குரல் துண்டுகள் கிடந்த ஃபோல்டரைப் பார்த்தேன்.

முப்பத்தாறு வருடப் பணியில் அப்படியொரு கந்தர்கோலத்தைப் பார்த்ததில்லை. நானூற்றுச் சொச்சம் ஃபைல்கள். எல்லாவற்றுக்கும் ஆடியோ ஒன்று, ஆடியோ ஒன்றில் மூன்று, ஆடியோ ஒன்றில் மூன்றில் இரண்டு என்கிற மாதிரிப் பெயர். எது எந்தப் பாட்டு, எந்த நாள் என்று ஒரு விவரமும் இல்லை. நாளைக்கு யாராவது வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது?

இரண்டு பிற்பகல்களில் ஒழுங்குபடுத்தினேன். ஒவ்வொன்றாகத் திறந்து முதல் வார்த்தையைக் கேட்டு, பாட்டு எண், நாள், துண்டு எண் என்று பெயர் மாற்றினேன். முப்பத்தொரு பாட்டுக்கும் தனித்தனி ஃபோல்டர் போட்டேன். இருமல், மிக்ஸி, பாதியில் நின்றவை ஆகியவற்றை "அழிக்கத்தக்கவை" என்று தனி ஃபோல்டரில் சேர்த்தேன். ஆனால் அழிக்கவில்லை. தகுதி வாய்ந்த அலுவலரின் ஒப்புதல் இல்லாமல் எதையும் அழிக்க முடியாது. தகுதி வாய்ந்த அலுவலர் பெண்கள் வார்டில் இருந்தாள். ஒரு நீள நோட்டில் மூன்று பத்தி போட்டு, பழைய பெயர், புதிய பெயர், குறிப்பு என்று எல்லாவற்றையும் கைப்பட எழுதினேன். முடிந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று பென்டிரைவில் ஒரு நகலும் எடுத்தேன். நகல் எடுத்தது ஒழுங்குபடுத்திய பிறகு.

பல நாளுக்குப் பிறகு அன்று மாலை எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டி வெளியே வந்தது, ஆளும் வெளியே வந்தாள், குரல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. குரல் நாணில் ஒரு பக்கம் சோம்பலாக இருக்கிறது, பயப்பட வேண்டாம், மூன்று வாரம் பேசவே கூடாது, பிறகு கேமரா வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். "சரியாயிரும்ல?" என்று கேட்டேன். "அநேகமா" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த அன்று கையில் ஒரு சின்ன நோட்டும் சிவப்புப் பேனாவும் வைத்துக்கொண்டாள். முதலில் எழுதியது: "பாட்டைப் போடுங்கள்."

எழுத்தில் அவள் எப்போதும் இலக்கணத் தமிழ்தான். லேப்டாப்பைத் திறந்தேன். உடனே ஒரு சதுரம் எழுந்து நின்றது. புதிய பதிப்பு வந்திருக்கிறதாம், இப்போதே ஏற்றலாமா, பிறகு ஏற்றலாமா? அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அவசரத்தில், எது பெரிதாக இருந்ததோ அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டேன். பத்து நிமிடம் ஓடியது. முடிந்ததும் மாற்றங்களின் பட்டியல் வந்தது. நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது. சில பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன. எந்தப் பிழை, எங்கே என்ற விவரம் கிடையாது. அரசாணையில் ஒரு கால்புள்ளியைத் திருத்தினாலும் பழைய வாசகம், புதிய வாசகம் இரண்டையும் அச்சிட்ட நிர்வாகத்தில் இருந்து வந்தவன் நான்.

முதல் பாட்டைத் திறந்தேன். கோப்புகளைக் காணவில்லை என்று ஒரு நீண்ட பட்டியல். பின்னால் பச்சைப் பட்டைகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் கிடந்தன. இரண்டாவது பாட்டு, அதுவும் சாம்பல். ஒன்பதாவது, பதினாறாவது, எல்லாம் சாம்பல். காணவில்லை என்று எந்த முகத்தோடு சொல்கிறார்கள்? எல்லாம் இருக்கின்றனவே, நானே வரிசையாக வைத்திருக்கிறேனே என்று நினைத்தேன்.

"அப்டேட் இன்னும் முடியல போல" என்று மூடி வைத்தேன். "நாளைக்குப் பாப்போம்."

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். சிவப்புப் பேனாவை மூடினாள்.

மொட்டைமாடிக்குப் போய்க் கடைக்காரருக்குப் போன் போட்டேன். மார்கழி பிறந்திருந்தது, அவர் ஏதோ கோயிலில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார். "நான் அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல சார்" என்றார். பின்னால் ஒருவர் மைக்கில் ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கா சார்?"

"பத்திரமா இருக்கு. நானே பாத்து அடுக்கி வச்சிருக்கேன்."

"என்ன சார்? மாப்ள, சத்தத்தக் குறைடா. இருக்குல்ல? அப்ப அது அப்டேட் பண்ணுன வேலைதான். கம்பெனிக்கு எழுதிப் போடுங்க. பொங்கல் வரைக்கும் எனக்கு மூச்சு விட நேரமில்ல, அதுக்கப்புறம் வாரேன்."

எழுதிப் போடுவது எனக்குத் தெரிந்த வேலை. ஆங்கிலத்தில்தான் எழுதினேன், ஆனால் வடிவம் நம்முடையது. பொருள், பார்வை, நிகழ்வுகளின் சுருக்கம், கோரும் பரிகாரம், இணைப்புகள் இரண்டு: காணவில்லை என்று வந்த பட்டியல், ஃபோல்டரில் இப்போது இருப்பவற்றின் பட்டியல். புதிய பதிப்பை ஏற்றியதன் விளைவாகவே கோப்புகள் காணாமற்போயின என்று மூன்றாவது பத்தியில் திட்டவட்டமாகக் குற்றம் சாட்டியிருந்தேன். அனுப்பிய ஒரே நிமிடத்தில், மடல் கிடைத்தது, உங்கள் கோரிக்கை எண் இது, என்று ஒப்புகை வந்தது. தபால் பிரிவு இவ்வளவு வேகமாக வேலை செய்கிறதே என்று கம்பெனி மேல் ஒரு மரியாதைகூட வந்தது. அந்த ஒப்புகையை எழுதியது மனிதரல்ல என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று.

நினைவூட்டு ஒன்று அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் ஒப்புகை. நினைவூட்டு இரண்டு. ஒரு நிமிடத்தில் ஒப்புகை, இந்த முறை வேறு எண்ணில்.

இதற்கு நடுவில் தினமும் காலையில் நோட்டு நீட்டப்பட்டது. "சரியாகிவிட்டதா?" இல்லை, மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். "எந்த மேலிடம்?" நான் பேப்பரைப் பிரித்துக்கொள்வேன். ஒருநாள், முந்தைய மடலுக்குப் பதில் இல்லை என்று மட்டும் நான் எழுதியிருந்த நினைவூட்டை வாங்கிப் படித்து, சிவப்புப் பேனாவால் இரண்டு இடத்தில் திருத்திக் கொடுத்தாள். கீழே எழுதினாள்: "கடிதம் நன்று. பாட்டு எங்கே?"

அவள் மத்தியானம் தூங்கும் நேரத்தில் பின்கட்டு அறைக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். துண்டுகளைத் தனித்தனியாகத் திறந்தால் பாடின. அதனால் குரல் தொலையவில்லை. நாமே ஒட்டிப் பார்த்தால் என்ன என்று முயன்றேன். வார்த்தைகள் நோட்டில் இருக்கின்றன, வரிசை தெரியும், பிறகென்ன? ஆனால் பல அடிகளுக்கு இரண்டு மூன்று துண்டு இருந்தது, சிலவற்றுக்கு ஏழுகூட. ஒன்றை இழுத்துப் பாடியிருந்தாள், ஒன்றை முடிவில் இறக்கியிருந்தாள். அவள் எதைப் பொறுக்கினாள், எது முதல் தடவைக்கு, எது திரும்பப் பாடும்போது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் எனக்கு ஒன்றுபோலவே இருந்தன. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வீட்டில் அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவில் அந்தப் பாட்டுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நான் அதே நேரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பதினாறாம் வாய்பாட்டை ஒட்ட நான்கு மத்தியானம் செலவழித்தேன். ஒட்டி முடித்துக் கேட்டபோது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் துக்கம் விசாரிக்க வந்த மாதிரி இருந்தது.

மூன்று வாரம் முடிந்து கேமரா வைத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் அசைகிறது என்றார் டாக்டர். பேசலாம், மெதுவாக. பாடுவதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம், சில மாதம் போகட்டும். அவள் பேசிய முதல் வாக்கியம், "ஒரு காப்பி குடிச்சிட்டுப் போவமா?" சருகு மிதிபடுகிற மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவர் யாரோ என்று திரும்பிப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து நான் கூடத்தில் இருந்தேன். அடுப்படியில் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவள் மெல்ல மாதங்களின் பாட்டை முனகுவது கேட்டது. சித்திரை வந்தது, வைகாசி வந்தது. ஆனியில் மெட்டு மேலே ஏற வேண்டும். ஏறவில்லை, காற்றுப் போனது. மறுபடி சித்திரையிலிருந்து தொடங்கினாள். மறுபடி ஆனியில் நின்றது. மூன்றாவது தடவை அவள் தொடங்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"கேட்டுச்சா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "ரெக்கார்டு பண்ணி வச்சது இருக்குல்ல. இல்லாட்டி இன்னேரம் நான் அழுது தொலைச்சிருப்பேன்."

அன்றைக்கு நான் கம்பெனிக்கு மூன்றாவது நினைவூட்டு எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை. நினைவூட்டுக்குப் பதில் வராவிட்டால் தலைமைக்கு நேர்முகக் கடிதம் எழுதுவது முறை. அதில் பொருளும் பார்வையும் போட வேண்டியதில்லை, ஆளுக்கு ஆள் எழுதலாம். எழுதினேன். நடந்ததையெல்லாம் மறுபடியும் சொன்ன பிறகு, கடைசியில் விதிக்குச் சம்பந்தமில்லாத ஒரு வரியையும் சேர்த்துவிட்டேன். இந்தக் கோப்புகளில் இருப்பது என் மனைவியின் குரல், அது இனி இப்படி வராமல் போகலாம், முப்பத்தொன்றில் ஒன்றுகூடத் திறக்கவில்லை என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒரு நிமிடத்தில் ஒப்புகை வந்தது. அதற்குமேல் எதுவும் இல்லை. போகிக்குப் பழைய நோட்டுகளை எடுத்துப் போடும்போது, மூன்று பத்திப் பதிவேடும் கையில் வந்தது. போடவில்லை, காரணம் எதுவுமில்லாமல்.

பொங்கலன்று வாசலில் பானை பொங்கி, சாமி கும்பிட்டு, டிவியில் அவனியாபுரம் ஜல்லிக்கட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கடைக்காரர் காலையிலேயே போனில் சொல்லியிருந்தார்: "சார், வாடிவாசல் மைக் நம்மளுதுதான், பாருங்க." மாட்டைவிட அவருடைய மைக்கைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது போன் ஒரு தடவை அதிர்ந்தது.

பதில் வந்திருந்தது. எழுதியது ஒரு மனிதர். முதல் வரியில், என் மனைவி தேறி வருவார் என்று நம்புவதாகச் சொல்லியிருந்தார். தாமதத்துக்கு வருந்தியிருந்தார். இணைப்பில் நான் அனுப்பியிருந்த பட்டியலைப் பார்த்ததாகவும், அப்டேட் எந்தக் கோப்பையும் தொட்டதாகத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். பிறகு ஐந்து கேள்விகள். மூன்றாவது கேள்வி இது: கடைசியாக ஒலிப்பதிவு செய்த பிறகு, சாஃப்ட்வேருக்கு வெளியே, யாராவது இந்தக் கோப்புகளின் பெயரை மாற்றினார்களா, இடம் மாற்றினார்களா? அப்படியானால் பழைய பெயர்கள் தெரிந்தால் போதும், எல்லாம் திரும்பி வந்துவிடும்.

டிவியில் ஏதோ ஒரு மாடு யாருக்கும் பிடிபடாமல் போனது. "மாடு பிடி மாடு இல்ல, விட்ருங்கப்பா" என்றார் அறிவிப்பாளர்.

அந்தக் கேள்வியை நான்கு தடவை படித்தேன். குறிப்புக் கோப்பில் பக்க எண் இருக்கும், தாள் நடப்பில் இருக்கும் என்று கடைக்காரருக்கு நான் விளக்கிய காட்சி, அவர் தலையாட்டியது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எழுந்து போய்ப் பதிவேட்டை எடுத்து வந்து மனைவியிடம் கொடுத்தேன். போனையும் கொடுத்தேன். இருபத்தேழு நாளாகப் பாட்டு ஒன்றுகூடத் திறக்கவில்லை, அது அப்டேட்டால் அல்ல, என்று சொன்னேன்.

அவள் கடிதத்தைப் படித்தாள். பதிவேட்டைப் புரட்டினாள். நானூற்றுச் சொச்சம் வரி, பிசிறில்லாத கையெழுத்து. முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"நான் வயித்தக் காயப்போட்டுட்டு ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப இதைத்தான் பண்ணுனீகளா?"

"கை சும்மா இருக்கல."

"முடியாத கோப்பைப் பிரிச்சான்னு ரெண்டு பேருக்கு மெமோ குடுத்தீங்கல்ல?"

"குடுத்தேன்."

"அதுல ஒருத்தர் அழுதாருன்னு வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னீங்க." அந்தச் சருகுக் குரலில் கோபப்படுவது எளிதல்ல. பாதியில் இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, "லேப்டாப்பை எடுங்க. நான் பேர் வாசிக்கிறேன், நீங்க மாத்துங்க" என்றாள்.

பதினாறாம் வாய்பாட்டிலிருந்து தொடங்கச் சொன்னாள். அவள் பழைய பெயரை வாசிக்க வாசிக்க, நான் ஒவ்வொன்றாக மாற்றி, பழைய இடத்தில் போட்டேன். பதினான்கு துண்டு. பாட்டைத் திறந்தேன். பட்டைகள் கொஞ்ச நேரம் சாம்பலாகவே நின்றன. பிறகு இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பச்சையாயின. நடுவில் ஒன்று மட்டும் சாம்பலாகவே இருந்தது. பொத்தானை அமுக்கினேன். அவளுடைய கார்த்திகை மாதக் குரல் அறைக்குள் ஒப்பாரி வைத்தது. நான்காவது அடியில் ஒரு ஓட்டை, பிறகு மறுபடியும் குரல்.

"அந்த அடி எங்க போச்சு?"

பதிவேட்டில் விரல் வைத்துத் தேடினாள். குறிப்புப் பத்தியில் என் கையெழுத்து: மிக்ஸிச் சத்தம், அழிக்கத்தக்கது.

"அதுலதான் நான் நெசமா அழுதேன்" என்றாள். "மிக்ஸி கேட்டாக் கேட்டுட்டுப் போகுதுன்னு அதைத்தான் பொறுக்கி வச்சேன். அழிச்சிட்டீங்களா?"

"உன் ஒப்புதலுக்கு வச்சிருக்கேன்."

"ஒப்புதல் இல்ல. எடுத்துப் போடுங்க."

எடுத்துப் போட்டேன். பச்சையாயிற்று. அவள் ஹெட்போனை என் தலையில் மாட்டி, நான்காவது அடியைத் திரும்பப் போட்டாள். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே அவள் பதினாறு நாலு அறுபத்துநாலில் குரலை ஏற்றி, ஏறிய இடத்தில் கொஞ்சம் உடைந்து, உடைந்தபடியே இறங்கினாள். மற்ற ஆறு துண்டுகளிலிருந்து அது எப்படி வேறு என்று எனக்கு அப்போதுதான் கேட்டது. இன்னும் முப்பது பாட்டு மிச்சம். அவளுக்கு ஆனி மாதம் இனி ஏறுமா என்பது டாக்டருக்கும் தெரியாது.

பதிவேட்டின் கடைசியில் பதில் வரப்பெற்ற நாள் என்று ஒரு பத்தி போட்டேன். அரசு விடுமுறையில் வந்த கடிதத்துக்கு அடுத்த வேலைநாளின் தேதியைப் போடுவதே முறை. அந்த முறைப்படி மாட்டுப்பொங்கலும் உழவர் திருநாளும் கழிய வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தேன். பிறகு, வந்த தேதியையே போட்டேன்: தை ஒன்று.